புதிய ஆசிரியருக்குத் துணை யார்?

நியமனக் கடிதத்தைக் கையிற் கொடுத்துவிட்டால் ஆசிரியர் ஒருவர் உருவாகிவிட்டார் என்று கருதுவோர் நம்மிடையே பலர். இக்கருத்துத் தவறானது. அதன் தீங்கை அனுபவிப்போர் நம் பிள்ளைகள்.

மருத்துவப் பட்டம் பெற்றவர் ஓராண்டு வைத்தியசாலையில் மூத்தோரின் கீழ்ப் பயின்ற பின்னரே முழுப்பதிவு பெறுகிறார். சட்டத்தரணியாக வருபவரும் மூத்தவர் ஒருவரிடம் தொழில் பழகுகிறார். ஆசிரியருக்கு மட்டும் இவ்வொழுங்கு வேண்டாவோ?

1986ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள், இரண்டாண்டு கல்லூரிப் படிப்பின் பின் ஓராண்டுக் கட்டுறுபயிற்சியைப் பாடசாலையிலே பெறுமாறு வகுத்தன. நல்ல ஏற்பாடு. ஆயினும், அங்கே வழிகாட்டுவதற்கு மூத்த ஆசிரியருக்கு நேரமில்லையாயின், அப்பயிற்சி வெற்றிடம் நிரப்பும் வேலையாகவே முடியும். பட்டதாரிகளின் நிலையோ இன்னுங் கடினம். கற்பித்தற் பயிற்சி பெறுமுன்னரே வகுப்பில் நிறுத்தப்பட்டோர் பலர். பாடத்தை அவர் அறிவர். வகுப்பை நடத்தும் வகையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

இத்தகையோரையே கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு முதலில் அனுப்புகின்றோம். மூத்தோர் விரும்பாத வகுப்பும் அவர் தலையிலே விழுகிறது. பின்னர், இடமாற்றம் கேட்கிறார் என்று அவரையே குறை கூறுகின்றோம். அவர் போனபின் அவ்வகுப்பு மீண்டும் ஒரு புதியவருக்காகக் காத்திருக்கிறது. வன்னியிலும் தீவுகளிலும் உள்ள ஏழைப் பெற்றாரின் பிள்ளைகளுக்கு இதனால் நேரும் இழப்பை எந்தச் சோதனையும் பின்னர் ஈடுசெய்யாது.

புகையிலைக் கன்றை நடும் நம் கமக்காரன் அதனை வெறும் வெயிலில் விட்டுச் செல்வதில்லை. வேர் பற்றும்வரை மறைப்பு வைத்து நீர் வார்க்கிறான். கன்றுக்குக் கிடைக்கும் ஆதரவு ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை!

செய்யவேண்டியவை பெருஞ் செலவுக்குரியன அல்ல. முதலாண்டில் புதியவருக்குப் பாடவேளைகளைக் குறைத்தல் வேண்டும். அதே பாடங் கற்பிக்கும் மூத்தவர் ஒருவரைத் துணையாக்கி, ஒருவர் வகுப்பை மற்றவர் சென்று பார்ப்பதற்கு நேரசூசியிலேயே இடம் ஒதுக்குதல் வேண்டும். அத்துணைவர் குறைகளை எழுதி மேலிடத்துக்கு அனுப்புபவராயிருத்தல் ஆகாது. அச்சமின்றி ஐயங் கேட்கத்தக்கவராயிருத்தல் வேண்டும். ஆசிரிய ஆலோசகர்களும் சோதிப்போராக அன்றி உதவுவோராகவே வகுப்பினுட் புகவேண்டும்.

ஊராருக்கும் கடமையுண்டு. தொலைவிலிருந்து வரும் ஆசிரியைக்குப் பாதுகாப்பான தங்குமிடம் தேடிக்கொடுப்பது அவர்களால் இயலாததன்று. கல்விப் பகுதியினரும் அதிபர்களும் இவற்றை வரும் தவணையிலேயே தொடங்குவார்களாக. ஆசிரியர் நிலைத்தாற்றான் கல்வி நிலைக்கும்.