வீட்டில் ஒரு வாயில்லாச் சீவன்



கோழி வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, வீட்டுத்தோட்டம் என்று நாலு காசு வருமானம் தரும் விடயங்களையே இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பேசி வந்திருக்கிறோம். இம்முறை வருமானம் தராத ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். நாய், பூனை, முயல், சிறு குருவி, மீன் போன்ற வீட்டு வளர்ப்புப் பிராணிகளைப் பற்றித்தான்.

"எங்கட வயிறே பெரும்பாடு, இதுக்குள்ள நாய்க்கும் பூனைக்கும் எங்க போறது?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் எங்கள் அளவெட்டி ஒழுங்கைகளில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஆண் துணை இல்லாத வீடுகளில்தான் படலையடியில் ஒரு நாய் கூடுதலாகப் படுத்திருக்கிறது. தாயும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீட்டில் இரவு ஒரு சத்தம் கேட்டால் முதலில் எழும்புவது அதுதான். அது குரைத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் லைற்றைப் போட்டுப் பார்ப்பார்கள். தனியே இருக்கும் பெண்ணுக்கு அது ஒரு காவல்.

வேண்டாம் என்பவர்கள்

சிலர் செலவுக்காக அல்ல, மனத்துயரினால் வேண்டாம் என்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, நாயைத் திரும்பிப் பார்க்காமல் வந்தவர்கள் நாங்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சில வீடுகளில் நாய் எலும்பும் தோலுமாகக் காத்திருந்தது. பல வீடுகளில் இல்லை. 2009இல் வன்னியிலிருந்து முகாமுக்கு வந்த சகோதரிகளுக்கும் இதே கதை உண்டு. மனிதரையே இழந்து நின்ற நேரத்தில் நாயை நினைத்து அழுதோம் என்று சொல்ல அப்போது கூச்சமாக இருந்தது. அதனால் அந்தத் துக்கம் சொல்லாமலே கிடக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தங்கச்சி இரண்டு பெண் பிள்ளைகளோடு மீள்குடியேறியவள். நாய்க்குட்டி ஒன்று கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. ஒருக்கா விட்டிட்டு வந்தனான். இன்னொருக்கா என்னால விடேலாது" என்றாள்.

"சரி பிள்ளை, நீயாக் கேக்கும் மட்டும் நான் கொண்டு வரமாட்டன்" என்று சொல்லி விட்டுவிட்டேன். ஆறேழு மாதம் கழித்துச் சின்ன மகள் பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தாள். இன்று அந்த வீட்டில் அந்தப் பூனைக்குத் தனிக் கோப்பை இருக்கிறது. மனம் ஆறாதவரை யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதலாவது, யார் பார்ப்பது? "நான் பார்ப்பேன் அம்மா" என்று பிள்ளை சொல்லும். ஒரு மாதத்தின் பின் வேலை தாயின் தலையில்தான் விழும். இரண்டாவது, எவ்வளவு காலத்துக்கு? நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், பூனை அதைவிடக் கூடவும் இருக்கும். வெளிநாடு போகும் யோசனையோ, வாடகை வீடு மாறும் நிலையோ இருந்தால், அப்போது அதை யார் பொறுப்பெடுப்பார் என்று இப்போதே பேசி வைக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களின் நாய்கள் சந்திகளில் அலைவதை நாம் காண்கிறோம். மூன்றாவது, சாப்பாடு. நடுத்தர நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சுண்டு அரிசிச் சோறும் கொஞ்சம் மீனோ முட்டையோ வேண்டும். அது கையைக் கடிக்குமானால் பூனையோடு நிற்கலாம். அதுவும் இயலாவிட்டால் மீன் இருக்கிறது.

நாய்

எங்கள் வெயிலுக்கும் வசதிக்கும் ஊர் நாயே சிறந்தது. அடர்ந்த மயிருள்ள சாதி நாய்கள் இங்கே வெப்பத்தால் துன்பப்படும், செலவும் கூட.

குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டும். கண்ணில் பீளை, மூக்கில் சளி இல்லாமலும், தோலில் மயிர் கொட்டிய இடங்கள் இல்லாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்த உடம்பும் ஊதிய வயிறுமாக இருந்தால் வயிற்றில் பூச்சி இருக்கும். மருந்து கொடுத்தால் மாறும். கையைத் தட்டினால் ஓடி வரும் குட்டியை எடுங்கள்.

எல்லோரும் கடுவன் குட்டியைத்தான் கேட்கிறார்கள். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவிடுகிறார்கள். பெட்டை என்று தள்ளிவிடுவதன் வலி எங்களுக்குத் தெரியாததா? பெட்டை நாய் வீட்டோடு நிற்கும், காவலிலும் குறைவில்லை. குட்டி போடும் என்பதுதான் பயம். ஒரு பெட்டை வருடத்துக்கு இரண்டு முறைகூடச் சினைப்படலாம், சினைக்காலம் ஒன்பது வாரந்தான். இதற்கு வழி கருத்தடைச் சத்திரசிகிச்சை. ஏறக்குறைய ஆறு மாத வயதில் செய்யலாம். சில காலங்களில் இதற்கென இலவச முகாம்களும் நடக்கின்றன. கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். கைவிடப்பட்ட நாய்களுக்கென இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை ஒரு சரணாலயம் அமைத்தது. ஆனால் ஊரெல்லாம் தெருவில் விடும் குட்டிகளை ஒரு சரணாலயம் தாங்காது.

சாப்பாட்டில் சில கவனங்கள். வெங்காயம், உள்ளி போட்ட கறியும் சொக்லேற்றும் நாய்க்கு ஆகாது. சமைத்த கோழி எலும்பு முள்ளாக உடைந்து குடலைக் குத்தும். தண்ணீரைச் சிரட்டையில் வைத்தாலும் தினமும் மாற்றுங்கள். உண்ணி, தெள்ளுக்கு மண்ணெண்ணெய் பூசுவதையும், புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அடிக்கும் மருந்தைக் கரைத்துக் குளிக்க வார்ப்பதையும் சிலர் செய்கிறார்கள். அது உண்ணியோடு நாயையும் கொல்லும், வார்த்தவரின் கைக்கும் கேடு. சீப்பால் வாரிப் பிடுங்குங்கள், அல்லது மிருக வைத்தியரிடம் மருந்து கேளுங்கள்.

கோயில் திருவிழாவிலும் வருடப் பிறப்பிலும் வெடி கொளுத்தும்போது நாய் கட்டிலுக்குக் கீழே போய் நடுங்கும். ஏசாதீர்கள். வெளியே கட்டியும் வைக்காதீர்கள். உள்ளே ஒரு மூலையில் சாக்கைப் போட்டு விட்டுவிடுங்கள். சத்தத்துக்குப் பயந்து ஒடுங்கிக் கிடப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மீள்குடியேறிய பகுதிகளில் இருப்போருக்கு ஒரு முக்கியமான விடயம். நாயோ ஆடோ பற்றைக் காணிக்குள் ஓடிவிட்டால், அந்தக் காணி துப்புரவாக்கப்பட்டதென்று உறுதியாகத் தெரியாமல் பின்னால் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். வெளியில் நின்று கூப்பிடுங்கள், பசித்தால் தானாக வரும்.

விசர்நாய்க்கடி

இதை ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். விசர் நோய் நாயால் மட்டுமல்ல, பூனை, கீரி, நரி ஆகியவற்றாலும் வரும். குட்டி கடித்தால் ஒன்றும் செய்யாது என்பது பிழையான எண்ணம். நோயின் குணங்குறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஆனால் கடித்தவுடன் தடுப்பூசி போட்டால் வராமலே தடுத்துவிடலாம். 1885இல் பிரான்சில் லூயி பாஸ்ரர் என்ற விஞ்ஞானி விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இந்த ஊசியை முதன்முதலாகப் போட்டார். சிறுவன் பிழைத்தான். இன்று எங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது.

கடித்தாலோ, நகம் கீறினாலோ, காயத்தை நக்கினாலோ:

1. உடனே சவுக்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பைப் இல்லாவிட்டால் வாளியில் அள்ளி அள்ளி ஊற்றுங்கள்.
2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள்.
3. சின்னக் கீறல்தானே என்று இராமல் அன்றே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ அல்லது உங்கள் பகுதி அரச வைத்தியசாலைக்கோ போங்கள். சொன்ன திகதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.
4. கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். பாதுகாப்பாகக் கட்டி வைத்து 14 நாள் கவனியுங்கள். செத்தாலோ காணாமற் போனாலோ வைத்தியசாலையில் சொல்லுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் வருடத்துக்கு ஒருமுறை விசர்நோய்த் தடுப்பூசி போட வேண்டும். குட்டிக்கு எப்போது தொடங்குவது என்று மிருக வைத்தியரைக் கேளுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் தாமதிக்க வேண்டாம். ஊசி அட்டையை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். நாயைப் பிரதேச சபையில் பதிவு செய்வதும் சட்டப்படி எமது கடமை.

பூனை

குறைந்த செலவு, குறைந்த இடம். வாடகை வீட்டுக்கும் ஏற்றது. ஒரு சூடை மீன் தலையும் ஒரு பிடி சோறும் போதும் என்பார்கள். ஆனால் பூனை இறைச்சி உண்ணும் பிராணி. சோறு மட்டும் கொடுத்து வளர்த்தால் நலிந்து போகும். மீன் கழிவையாவது அவித்துக் கொடுங்கள். பசுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும், தண்ணீரே போதும். காய்ச்சல் என்று பனடோலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

பூனை எலியைப் பிடிக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் பூனை இருக்கிறதென்று நெல் மூட்டையைத் திறந்து வைப்பதும், காலில் புண்ணோடு வெள்ளத்தில் இறங்குவதும் கூடாது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மலத்தை அவர் அள்ளக் கூடாது. அதிலிருந்து ரொக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி தொற்றி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். இதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. வேறொருவர் தினமும் அள்ளிப் புதைத்து, கையைச் சவுக்காரத்தால் கழுவினால் போதும். கர்ப்பிணி தோட்டத்து மண்ணைக் கொத்தினாலும் கை கழுவ வேண்டும்.

முயல், குருவி, மீன்

முயலுக்குக் கரட்டும் பிஸ்கட்டும் அல்ல, புல்லுத்தான் முக்கிய உணவு. அதன் பல் வாழ்நாள் முழுக்க வளரும், புல்லைக் கடித்தால்தான் தேயும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையை நெஞ்சுக்கும் மறு கையைப் பின்பக்கத்துக்கும் கொடுத்துத் தூக்குங்கள். வெப்பத்தைத் தாங்காது, ஆகவே தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம், கிடுகு வேய்ந்து மர நிழலில் கூட்டை வையுங்கள். கடுவனையும் பெட்டையையும் ஒன்றாக விட்டால் மாதத்துக்கு ஒரு முறை குட்டி, ஏனென்றால் சினைக்காலம் முப்பத்தொரு நாள்தான்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் சிறு குருவியைத் தனியாக அடைக்காமல் சோடியாக வையுங்கள். தினையும் கீரையும் கொடுக்கலாம். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கூட்டில் கட்டிவிட்டால் கொத்தித் தின்னும், சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். காட்டில் பிடித்த பிராணிகளை மட்டும் வாங்காதீர்கள். நட்சத்திர ஆமை போன்றவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

எல்லாவற்றிலும் மலிவானது கப்பி மீன். எங்கள் கிணற்று நீரின் கடினத்தன்மை அதற்கு ஒத்துப்போகும். சீமெந்துத் தொட்டியில் விட்டால் நுளம்புக் குடம்பிகளைத் தின்றுவிடும். டெங்குக் காலத்தில் பிள்ளைக்கு விளையாட்டு, வீட்டுக்குப் பாதுகாப்பு. குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் விடாதீர்கள், அங்குள்ள மீன்களுக்குத் தீங்காகும்.

பிள்ளைகளும் பிராணிகளும்

தகப்பனை இழந்த பிள்ளை, யாரோடும் பேசாமல் மூலையில் இருக்கும் பிள்ளை, பூனைக்குட்டியோடு கதைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிராணி திருப்பிக் கேள்வி கேட்காது. "அப்பா எங்கே" என்று விசாரிக்காது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். காலையில் எழும்ப மனமில்லாத நாளில் ஒரு சீவன் பசியோடு வாசலில் நின்றால் எழும்பித்தான் ஆக வேண்டும். ஆனாலும் இது வைத்தியம் அல்ல. பிள்ளை நித்திரை கொள்ளாமல், சாப்பிடாமல், திடுக்கிட்டு அலறினால், அல்லது உங்களுக்கே வாழ்வு வெறுத்தது போலத் தோன்றினால், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு போன்ற இடங்களுக்குத் தயங்காமல் போங்கள்.

சாப்பிடும் பிராணியைத் தொடக் கூடாது, நித்திரை கொள்ளும் நாயை எழுப்பக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை நாயோடு தனியே விடாதீர்கள்.

வளர்த்த பிராணி செத்தால் "போனாப் போகட்டும், வேற ஒண்டு வாங்குவம்" என்று உடனே சொல்லாதீர்கள். வளவில் ஒரு மரத்தடியில் ஆழமாகக் கிடங்கு வெட்டி, பிள்ளையும் ஒரு பிடி மண் போட விடுங்கள். எங்களில் எத்தனையோ பேருக்கு எங்கள் உறவுகளை அப்படி அடக்கம் செய்யக் கிடைக்கவில்லை. பிள்ளை அழுது முடிக்கட்டும்.

உங்கள் வீட்டு வாயில்லாச் சீவனைப் பற்றி ஒரு கடிதம் போடுங்கள். இந்த மாதமே ஊசி அட்டையையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.