மரபணுவும் மனநோயும்: மறைத்தல் தகுமா?

பெண்பார்க்கச் செல்வோர் அண்டை வீட்டாரிடம் மெல்லக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அக்குடும்பத்தில் யாருக்கேனும் சித்தம் கலங்கியதுண்டா?" மரக்காணத்து உப்பளங்கள் தொடங்கிப் பெரிய முதலியார்சாவடி வரையிலான கடற்கரை ஊர்களும் இதற்கு விலக்கல்ல. 'உண்டு' என்னும் ஒரு சொல் மணத்தையே நிறுத்திவிடும். ஆதலின் குடும்பத்தார் நோயை மறைக்கின்றனர். புதுச்சேரி ஜிப்மர் அருகிலிருந்தும் மருத்துவம் காலந்தாழ்கின்றது.

மறைத்தலின் கொடிய எல்லையை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்டு 6 அன்று, தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தீயிற் சிக்கினர். 28 பேர் மாண்டனர்.

மனநோய் குருதிவழி வருவதா? ஓரளவு ஆம் என்பதே அறிவியலின் விடை. மனச்சிதைவு நோய் பொதுமக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்க்கு வருகின்றது. பெற்றோருள் ஒருவர்க்கு அந்நோய் இருப்பின், பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மருக்கு வரலாம். எஞ்சிய தொண்ணூற்றுவரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு, 76,000க்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து, மரபுத்தொகுதியில் 287 இடங்கள் இந்நோயோடு தொடர்புடையன எனக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிதே. ஆகவே 'பைத்தியக்காரக் குடும்பம்' என ஒன்றைச் சுட்டுதல் அறியாமையாம்.

எனினும் அவ்வாய்வில் இடம்பெற்றோருள் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். நம் மக்களையும் ஆராய்ந்தாலன்றி நமக்குரிய உண்மை புலப்படாது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இப்பணியில் இறங்கியது. 2019இல் வெளியான அதன் முடிவு, நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் கையாளும் முறையோடு தொடர்புடைய மரபணுவொன்றைச் சுட்டியது.

இத்தகைய ஆய்வு வளர வேண்டுமாயின், குடும்ப வரலாற்றை ஒளிக்காது உரைப்போர் வேண்டும். உரைத்ததைத் திருமணப் பேச்சில் ஆயுதமாக்கும் சமுதாயத்தில் எவர் முன்வருவர்? பங்கேற்போர்க்குத் தமிழில் தெளிவுற விளக்கி இசைவு பெறுதலும், அவர்தம் பெயரை வெளியிடாது காத்தலும் ஆய்வாளர் கடமை. நோயைக் குற்றமாக்காமை நம் அனைவர் கடமை.

மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது. ஊர்வாயின் பழிச்சொல்லைச் சட்டம் தடுக்க இயலாது. அது ஜமாஅத்துப் பெரியோரும், ஊர்ப் பெரியோரும், கற்ற இளைஞரும் செய்ய வேண்டிய பணியாகும். இனி மணம் பேசுமிடத்து, "நோய் உண்டா?" என்று துருவுதலை விடுத்து, "நோய் வந்தால் மருத்துவம் செய்வீர்களா?" என இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கேட்பாராக.