செக்ரோலில் விழும் பேர்

ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்ற ஒரே சொல் நிற்கும் இடத்தில் நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று உண்டு. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியிலும் அப்படியே: பலாய், பிகாஸ், கானின். மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரிய சங்கடமில்லை. அகராதி கைகொடுக்கும், மிச்சத்தை வாக்கியமே சொல்லிவிடும்.

இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்த அகராதி போதாது. ‘ஃபீல்ட்’ என்பதற்கு வயல், களம், துறை என்று அது அடுக்கும். தலவாக்கலையிலும் லிந்துலையிலும் அது மலை, ‘ஏழாம் நம்பர் மலை’. ‘லைன்’ என்றால் குடியிருக்கும் லயம்; கொழுந்தெடுக்கப் பிடிக்கும் வரிசைக்கோ நெரை என்று பேர். இவற்றில் தவறினால் கேட்பவர் குழம்புவார், உடனே திருத்திக்கொள்ளலாம். ‘நேம்’ என்ற சொல்லில் தவறினால் ஒருவரின் கூலி போய்விடும்.

தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவு-கூலிப் பதிவேட்டில், இடப்படும் பதிவு. முழு நாளுக்கு ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து எட்டாவிட்டால் அரைப்பேர். துரைமாரின் ஆங்கிலத்திலும் இது ‘நேம்’, ‘ஹாஃப் நேம்’ என்றே வழங்கியது. இன்று கொழும்பிலிருந்து வரும் சட்டத்தரணிக்கு அந்த ஆங்கிலமும் புரியாது, இந்தத் தமிழும் புரியாது. “இந்த மாசம் எனக்கு இருபது பேர்தான் விழுந்துச்சு” என்று ஒரு தொழிலாளி சாட்சி சொன்னால், வெளியூர் உரைபெயர்ப்பாளர் இருபது ஆட்கள் என்று சொல்லிவிடக் கூடும். அவர் சொன்னது இருபது நாள் கூலி.

கூலியோடு நிற்பதும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். அது சம்பாதித்த பணத்தின்மேல் கணக்கிடப்படுவது. பேர் அரையானால் நிதியும் அரைதான். சனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளத் தேயிலைக்கு மணமும் விலையும் கூடும் பருவம். வறண்ட காற்றிலும் குளிரிலும் கொழுந்து மெல்லக் கிளம்புவதால்தான் அந்த மணம். கிலோ குறைவதும் அதே காரணத்தால்தான். தேயிலை நல்ல விலைக்குப் போகும் மாதங்களில் கொழுந்தெடுத்தவருக்கு அரைப்பேர் விழுகிறது என்றால், அந்தச் சொல்லை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிக் கோப்பில் வேறொரு பெயர் என்றிருப்போர் ஏராளம். தமிழறியாத எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, பின் விண்ணப்பம் விண்ணப்பமாக எழுதி நிரூபிக்க வேண்டியிருந்த சமூகத்துக்கு ஓர் எழுத்துப் பிழை சிறு பிழையல்ல. ஆகவே “என் பேரு பிழையா இருக்கு” என்று ஒருவர் தொழில் திணைக்களத்தில் வந்து நின்றால், அது அடையாளத்தைப் பற்றியதா, நாள் கணக்கைப் பற்றியதா என்று கேட்டறியாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. இரண்டுக்கும் வேறு வேறு படிவம், வேறு வேறு அதிகாரி.

பேர் என்பதை ‘வேலைநாள்’ என்று மாற்றிக்கொள்ளலாம் எனச் சிலர் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. வேலைக்குப் போன நாளெல்லாம் பேர் விழுந்த நாளல்ல. அந்த இடைவெளியில்தான் வழக்கே இருக்கிறது. சாட்சியத்தில் ‘பேர்’ என்றே எழுதி, ‘செக்ரோலில் பதிந்த ஒரு நாட்கூலி’ என்று அருகில் விளக்கம் தருவதே முறை. அரைப்பேருக்கும் அப்படியே. அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளில் இந்தப் பொருள் கொச்சை என்ற குறியின்றி ஏற வேண்டும். தோட்டங்களில் பணிபுரியும் அன்பர்கள் தம் பகுதியில் பேர், கணக்கு, நெரை, தொங்கல் போன்ற சொற்கள் வழங்கும் வாக்கியங்களை, பேசியபடியே, நமக்கு எழுதி அனுப்புங்கள்.