ஃபுட்டுக்கும் அளவு சொல்லுங்கள்

பெரியபட்டினத்தில் வீட்டிலிருந்தே துணி தைக்கும் எங்களைப் போன்ற பெண்களுக்கு, மிஷினுக்குப் பொருந்தாத ஃபுட், அதாவது ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம், வாங்கிவிட்டால் ஒரு நாள் கூலி நஷ்டம். துப்பட்டா ஓரத்தைச் சுருட்டித் தைக்கும் ஃபுட் வாங்க ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினால், கடையில் "எல்லாத்துக்கும் சேரும்மா" என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேராது.

உங்கள் மிஷினுக்கு எது சேரும் என்று அறிய, ஃபுட்டைக் கீழே இறக்கிவிட்டு, ஊசித் தகட்டிலிருந்து ஃபுட் திருகின் நடு வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். முக்கால் அங்குலம் இருந்தால் குட்டைக் கால் மிஷின். வீட்டு மிஷின்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் நெட்டைக் கால். கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷினின் ஃபுட் இந்த உயரத்துக்கானது. வீட்டு மிஷினில் அது உட்காராது. ஜிக்ஜாக் மிஷின் வைத்திருப்பவர்கள் ஒற்றைத் துளை ஃபுட் மாட்டினால், நேர்த்தையலில் மட்டும் ஓட்டுங்கள். பக்கவாட்டில் நகரும் ஊசி ஃபுட்டில் மோதி ஒடிந்து கண்ணுக்கே தெறிக்கலாம். எந்த ஃபுட்டானாலும் முதலில் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

இருபது ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட எடை அச்சிட்டிருக்கிறது. ஃபுட் பாக்கெட்டில் உயரத்தை அச்சிட என்ன தடை? சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மிஷின் தரும் சமூக நலத்துறை, ஜிப் ஃபுட்டும் ஓரம் சுருட்டும் ஃபுட்டும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். எதை எதற்கு மாட்டுவது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்தும் தர வேண்டும்.