தெரிஞ்சுதானே குதிச்சாங்க?

ஸ்கைடைவிங்கில் யாராவது இறந்துபோனதாகச் செய்தி வந்தால் நம்ம மக்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம், "தெரிஞ்சுதானே குதிச்சாங்க?" இரண்டாவது, "விதி, யார் என்ன பண்ண முடியும்?" மூன்றாவது ஆள் கொஞ்சம் விவரமானவர். "அட்வென்ச்சர்னா ரிஸ்க் இருக்கத்தான் செய்யும் பாஸ்" என்பார். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். செத்தவர் மேல் தப்பு, இல்லாவிட்டால் கடவுள் மேல் தப்பு. நடுவில் இருக்கிற ஒருத்தர் மேலும் தப்பு கிடையாது.

நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? பாராசூட்டை வடிவமைத்தவர், தைத்தவர், மடித்தவர், முத்திரை வைத்தவர், பயிற்சி கொடுத்தவர், காசு வாங்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றியவர். 2014 பிப்ரவரியில் சேலத்தில் பாராசூட் சரியாக விரியாமல் ஒரு இளம்பெண் இறந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். அந்த மாதிரி ஒரு சாவை "விதி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் இத்தனை பேரும் ஜாலியாக வீட்டுக்குப் போய்விடலாம். அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பி.காம். படிக்கிற ஆளுக்குப் பாராசூட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆடிட்டிங் பேப்பரில் இன்டர்னல் செக் என்று ஒரு பாடம் வருமே! (கிளாஸில் தூங்கினவர்களுக்கு: ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் தானாகவே சரிபார்க்கும்படி வேலையைப் பிரித்துக் கொடுப்பது.) அந்தப் பாடத்துக்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் ஸ்கைடைவரின் முதுகில் இருக்கும் பைதான்.

முதுகில் இரண்டு குடை

பையில் ஒரு பாராசூட் இல்லை, இரண்டு. கீழே மெயின், மேலே ரிசர்வ். மெயினை ஒரே நாளில் பல தடவை மடிப்பார்கள். அமெரிக்கச் சட்டப்படி அதைக் குதிப்பவரே மடிக்கலாம், அரசு உரிமம் பெற்ற ரிக்கர் மடிக்கலாம், அல்லது ரிக்கரின் நேரடி மேற்பார்வையில் வேறொருவர் மடிக்கலாம். பெரிய குதிப்பு மையங்களில் இதற்கென்றே பேக்கர்கள் உண்டு. ஒரு பாராசூட் மடித்தால் இவ்வளவு என்று கூலி. காஸ்டிங்கில் படித்த பீஸ் ரேட் ஞாபகம் வருகிறதா? உற்பத்தி கூடும், ஆனால் தரத்தைப் பார்க்கத் தனியாக ஆள் போட வேண்டும் என்று பரீட்சையில் எழுதுவோமே, அதேதான் இங்கேயும்.

ரிசர்வ் கதை வேறு. அதை ரிக்கர் மட்டும்தான் மடிக்கலாம். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்குள் மடித்ததாக இருக்க வேண்டும். நாள் தாண்டினால் பிரித்து, சோதித்து, மறுபடி மடித்தால்தான் குதிக்கலாம். (முன்பு 120 நாளாக இருந்தது, 2008ல் மாற்றினார்கள்.) மடித்து முடித்ததும் மூடும் ஊசியில் ஒரு சிவப்பு நூல், நூலில் ஒரு ஈய முத்திரை, முத்திரையில் அந்த ரிக்கருக்கு மட்டுமே உரிய குறி. கூடவே பையில் ஒரு அட்டை. என்று மடித்தது, யார் மடித்தது, உரிமம் எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். நூல் அறுந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொன்று, மெயினுக்கு அரசின் தர அங்கீகாரம் தேவையில்லை. ரிசர்வுக்கும் உடம்போடு பையைக் கட்டும் பட்டைகளுக்கும் டி.எஸ்.ஓ. சி-23 என்ற அங்கீகாரம் கட்டாயம்.

இதன் பின்னால் இருக்கும் யோசனையைக் கவனியுங்கள். மெயினை மடித்தவர் அவசரத்தில் சொதப்பிவிடுவார் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். சொதப்பினாலும் உயிர் போகக் கூடாது. அதனால் இரண்டாவது குடையை வேறொரு ஆள், வேறொரு நாளில், தன் பெயரையும் உரிமத்தையும் பணயம் வைத்து மடிக்கிறார். இந்த ஏற்பாட்டில் விதி வேலை செய்ய இடம் எங்கே இருக்கிறது? அந்த அட்டையில் தேதி தாண்டியிருந்தால் அது விதி இல்லை, யாரோ ஒருவர் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறார்.

ஒவ்வொரு பாகமும் ஒரு சாவுக்குப் பதில்

மெயின் சிக்கலாகிவிட்டால் அதைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் ரிசர்வைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். பழைய காலத்தில் இரண்டு தோளிலும் தனித்தனி உலோகக் கொக்கிகள் இருந்தன. தலைகீழாகச் சுழன்றுகொண்டு விழும் மனிதர் இரண்டையும் கையால் திறக்க வேண்டும். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மாட்டிக்கொண்டால் முன்பைவிட மோசம்.

1970களில் பில் பூத் என்ற அமெரிக்க ஸ்கைடைவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், சின்ன வளையத்தைப் பிடித்திருப்பது ஒரு சிறு கயிற்றுக் கண்ணி, கண்ணிக்குள் ஒரு கேபிள். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி வேலை செய்து சுமையைக் குறைத்துக் கடத்துகிறது. அதனால் ஒரு ஆளின் முழு எடையையும் தாங்கும் இணைப்பை, ஒரே கைப்பிடியை ஒரே தடவை இழுத்து, இரண்டு தோளிலும் ஒன்றாக விடுவிக்கலாம். இதில் மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மூன்று வளையமும் ஒரு கயிறும்தான். இன்றைக்கும் ஸ்கைடைவர்களின் பைகளில் இருப்பது இதுதான்.

சரி, மெயினைக் கழற்றியாயிற்று, ரிசர்வை இழுக்க மறந்துவிட்டால்? கழன்று போகும் மெயினே ரிசர்வின் ஊசியை இழுத்துவிடும்படி ஒரு பட்டை வைத்தார்கள். குதித்தவர் மயங்கிவிட்டால்? இன்னொருவர் மேல் மோதி நினைவிழந்தால்? எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போனால்? இதற்கு வந்ததுதான் தானியங்கித் திறப்பான், சுருக்கமாக ஏ.ஏ.டி.

பழைய ஏ.ஏ.டி.க்கள் இயந்திர வகை, திறக்கக் கூடாத நேரத்தில் திறந்துவிடும் என்ற பயம் இருந்தது. அனுபவசாலிகள் அதைக் கற்றுக்குட்டிகளின் சாமான் என்று ஒதுக்கினார்கள். 1991ல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனத்திலிருந்து ஹெல்முட் க்ளோத் உருவாக்கிய சைப்ரஸ் வந்தது. உள்ளே ஒரு சின்னக் கணினி, காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். தரையிலிருந்து சுமார் 225 மீட்டரில் இன்னமும் வினாடிக்கு 35 மீட்டர் வேகத்துக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடியிருக்கும் கயிற்றை ஒரு சின்ன வெட்டி அறுத்துவிடும். மனிதர் எதையும் செய்ய வேண்டாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். வயிற்றைக் கீழே வைத்து விழும் ஆளின் வேகம் மணிக்கு சுமார் 200 கி.மீ. அந்த 225 மீட்டரைக் கடக்க நான்கு வினாடி. ரிசர்வ் விரிய அதிகபட்சம் மூன்று வினாடி என்று தரநிலை சொல்கிறது. மிச்சம் ஒரு வினாடி! இந்த ஒரு வினாடியில் வேறு யாராவது கை வைத்தால்? வைத்தார்கள். பை கச்சிதமாக, சின்னதாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் ரிசர்வை இறுக்கித் திணித்தார்கள். ஏ.ஏ.டி. சரியான நேரத்தில் வேலை செய்தும் ரிசர்வ் முழுதாக விரியாமல் தரையில் மோதிய சம்பவங்கள் வந்தன. 2013ல் அமெரிக்க பாராசூட் சங்கம் அனுபவசாலிகளுக்கான குறைந்தபட்சத் திறப்பு உயரத்தை 2,000 அடியிலிருந்து 2,500 அடியாக உயர்த்தியது. ஏ.ஏ.டி.யைக் கொஞ்சம் மேலேயே வேலை செய்யும்படி வைக்க அது இடம் கொடுத்தது. யாரோ சாவுகளை உட்கார்ந்து எண்ணி, காரணம் தேடி, விதியை மாற்றினார்கள். (இது நம்ம ஊர் "விதி" இல்லை, ரூல்!)

"பாதுகாப்பு கொடுத்தா திமிர் வரும்"

எதிர்க்கட்சியின் பலமான வாதம் இதுதான், அதனால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். இதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, அந்த மூன்று வளையம் செய்த பில் பூத்தேதான். சாதனங்கள் பாதுகாப்பாக ஆக ஆக, குதிப்பவர்கள் கூடுதல் துணிச்சல் காட்டிச் சாவு விகிதத்தைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்வார்கள் என்பது அவர் பெயரால் வழங்கும் ஒரு விதி. ஆதாரமும் இருந்தது. 1990களில் சின்ன, அதிவேக பாராசூட்டுகள் வந்தபோது, நன்றாக விரிந்த பாராசூட்டிலேயே தரைக்கு அருகில் வேகமாகத் திரும்பி மோதிச் செத்தவர்கள் கூடினார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு சிலர், "பார்த்தியா, எத்தனை கருவி வெச்சாலும் சாகிறவன் சாவான்" என்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 40க்கு மேல் இறந்தார்கள். 2023ல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் 10 பேர். 2024ல் சுமார் 38.8 லட்சம் குதிப்புகளில் 9 பேர். 1961ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இதுதான் குறைவு. விகிதம் அதே இடத்தில் நிற்கும் என்றால் இந்த 40 எப்படி 9 ஆனது?

சாவு ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நகர்ந்தால், முதல் கதவின் பூட்டைக் கழற்றுவதா பதில்? இரண்டாவது கதவுக்கும் ஒரு பூட்டுப் போடுவதுதான் பதில். பிரான்ஸ், நெதர்லாந்து சங்கங்கள் அதைத்தான் செய்தன. இத்தனை குதிப்பு அனுபவம், இவ்வளவு எடை என்றால் இதைவிடச் சின்ன பாராசூட் கூடாது என்று அட்டவணையே போட்டுவிட்டார்கள்.

"அனுபவசாலிக்கு எதற்கு ரூல்?" என்பவர்களுக்கு ஒரு பெயர்: பாட்ரிக் தெ கயார்தோன். பிரான்ஸ்காரர், விங்சூட்டின் முன்னோடி, உலகத்திலேயே பெரிய கைகளில் ஒருவர். 1998ல் ஹவாயில் இறந்தார். தன் பாராசூட் பையில் தானே செய்த மாற்றத்தில் நேர்ந்த தையல் பிழைதான் காரணம். அவ்வளவு பெரிய ஆளின் வேலைக்கும் இரண்டாவது ஜோடிக் கண் தேவை. ஆடிட்டரின் சொந்தக் கணக்கை அவரே ஆடிட் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

கையெழுத்துப் போட்டாச்சே!

கடைசியாக, "எல்லாத்துக்கும் நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுத்தானே ஏறினான்?"

2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லோடை ஊருக்குப் பக்கத்தில் 18 வயதுப் பையன் ஒருவன் டேண்டம் குதிப்புக்குப் போனான். அதாவது பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பது. பாராசூட் விரியவில்லை, இருவரும் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தது, அந்தப் பயிற்சியாளருக்கு டேண்டம் குதிக்க முறையான தகுதிச் சான்று இல்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்தவரின் அதிகாரமே முன்பு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வேறொருவரின் கையெழுத்தை வைத்துச் சான்றிதழ் தயாரித்ததாக அவர் மேல் பின்னால் மோசடி வழக்கு வந்தது. 2021ல் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு 4 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பையன் "தெரிஞ்சுதானே" குதித்தான்? அவனுக்கு என்ன தெரியும்? வானத்திலிருந்து விழுந்தால் ஆபத்து என்று தெரியும். தன்னோடு கட்டியிருக்கும் ஆளின் சான்றிதழ் சரியில்லை என்று தெரியாது. அந்தப் படிவத்தில் அவன் ஏற்றுக்கொண்டது காற்றையும் உயரத்தையும். இன்னொருவரின் பொய்யை அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. நம்ம பிசினஸ் லா பேப்பரில் ஃப்ரீ கன்சென்ட் என்று ஒன்று உண்டு. முக்கியமான விஷயத்தை மறைத்து வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை என்று இரண்டாவது செமஸ்டரிலேயே படித்துவிட்டோம்.

வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வயது. இப்போது இந்தியாவிலும் டேண்டம் குதிப்பு நடத்துகிறார்கள், நாளைக்கு நீங்களும் போவீர்கள். போக வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஏறுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். ரிசர்வை யார் மடித்தது? அட்டையில் என்ன தேதி? ஏ.ஏ.டி. இருக்கிறதா, ஆன் செய்திருக்கிறதா? (அமெரிக்காவில் டேண்டத்துக்கு இது சட்டப்படி கட்டாயம்.) உங்களோடு குதிப்பவரின் சான்றிதழ் எங்கே? முகம் சுளிக்காமல் காட்டுபவர்களிடம் போங்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் தம்பி" என்றால் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகிறது, திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வரும்போது, செத்தவர் ஏன் குதித்தார் என்று கேட்காதீர்கள். அதே நான்கு கேள்வியை நடத்தியவர்களிடம் கேளுங்கள்.

டிஸ்கி: இந்தப் பதிவரின் அதிகபட்ச உயர அனுபவம் மெரினா கலங்கரை விளக்கத்தின் மேல்மாடம். அங்கேயும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன் :-)