பாயிரம் மட்டும் போதுமா?

தத்துவம் கற்றவன் வகுப்பறையோடு நின்றுவிட வேண்டும். நாடகமும் கூத்தும் கற்றோர்க்குத் தகாதவை என்னும் எண்ணம் நம் இல்லங்களில் இன்றும் வேரூன்றியுள்ளது. தறியோசை கேட்கும் காஞ்சிப் பகுதியிலும், நம் தாமல் போன்ற சிற்றூர்களிலும், பிள்ளை மெய்யியல் பயில விரும்பினால், "அது சோறு போடுமா?" என்கிறோம்; மேடையேற விரும்பினால், "குடும்பப் பெயர் என்னாவது?" என்கிறோம். இவ்வெண்ணத்தை நாம் வன்மையாக மறுக்க வேண்டும்.

மறுப்புக்குரிய சான்று நம் நாவிலேயே இருக்கிறது. விழாக்களில் நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) ஒரு தத்துவப் பேராசிரியர். நெல்லையில் பள்ளித் தலைமையாசிரியர், திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவ ஆசிரியர், திருவிதாங்கூர் அரசின் வருவாய்த்துறை அலுவலர், மீண்டும் பேராசிரியர், கல்வெட்டு ஆய்வாளர் எனப் பல பணிகள் ஆற்றியவர், 1891-ல் 'மனோன்மணீயம்' என்னும் கவிதை நாடகத்தை வெளியிட்டார். ஒன்றிலும் நிலைத்து நில்லாதவர் என்று அவரை எவரேனும் இகழ்வரோ?

உலகை விட்டொதுங்கி நிட்டையில் அமர்வதே மேல் என்னும் நிஷ்டாபரரும், துன்புறுவோர்க்கு இரங்கித் தொண்டாற்றுவதே மேல் என்னும் கருணாகரரும் அந்நாடகத்தில் நேருக்குநேர் வாதிடுகின்றனர். குருமடத்தில் இறையியலுக்குமுன் ஆண்டுக்கணக்கில் மெய்யியல் பயின்றோம். அங்குக் கேட்ட விரிவுரைகள் பல மறந்தன. இவ்விருவர் வாதமோ நெஞ்சில் நிற்கிறது. கருத்துக்கு முகமும் குரலும் வாய்த்ததே காரணம்.

"பிள்ளை படிப்பதற்கன்றோ எழுதினார், நடிப்பதற்கா?" எனச் சிலர் வினவலாம். படிப்பதற்கே எழுதினார். ஆயின் அடுத்த அடியைப் பரிதிமாற்கலைஞர் எடுத்துவைத்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியரான அவர், 'ரூபாவதி', 'கலாவதி' நாடகங்களை இயற்றித் தாமே நடிக்கவும் செய்தார். 1897-ல் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலும் தந்தார். 1903-ல், 33 வயதில் மறைந்த அப்பெருமகனின் புலமை, மேடையேறியதால் குன்றிற்றா?

"பாமரர்க்கு இவை விளங்கா" என்பது மற்றொரு சாக்கு. விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து, தருமத்தையும் ஊழையும் எடைபோடும் நம் வட்டார மக்களிடம் சென்று இதைச் சொல்லிப் பாருங்கள்!

மனோன்மணீயப் பாயிரத்தின் சில அடிகளை 1970-ல் அரசு வாழ்த்துப் பாடலாக ஏற்றது. 2021-ல் மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 நொடிகள் எழுந்து நிற்கிறோம், நூலுக்குள் நுழைவதில்லை. வரும் ஆண்டுவிழாவில் திரைப்பாட்டு ஆட்டம் ஒன்றைக் குறைத்து, அவ்விரு துறவியர் வாதத்தை நம் பிள்ளைகள் நடிக்கட்டும். அவர்களுள் ஒருவர் தத்துவம் பயில வேண்டுமென்று வந்து நின்றால், பெற்றோரே, வழிமறிக்காதீர்கள்.