பெரிசாக்கினால் பயங்கரமாகிவிடுமா?

ஒரு எலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 4 அடி நீளத்துக்கு இழுத்து விடுங்கள். எடையை 23 கிலோவுக்கு ஏற்றுங்கள். முகத்தைக் கொஞ்சம் கொடூரமாக வரைந்து, பெயருக்கு முன்னால் 'டயர்' என்று ஒட்டிவிடுங்கள். முடிந்தது. ஒரு புத்தம்புது ஆதிகால அரக்கன் ரெடி!

கிண்டல் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் மூன்றாம் பதிப்பில் (2000) ஒரு டஜன் மிருகங்கள் இப்படித்தான் தயாராகின. டயர் எலி, டயர் வௌவால், டயர் ஓநாய், டயர் கரடி, டயர் புலி, டயர் சுறா... (லாரி டயர் அல்ல மக்களே. 'கொடிய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. :-))

கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: இது கம்ப்யூட்டர் கேம் இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை 20 முகப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. வழியில் எதிர்ப்படும் மிருகங்களுக்கென்றே தனியாக ஒரு தடித்த புத்தகம் உண்டு. எத்தனை அடி தாங்கும், எவ்வளவு வேகத்தில் ஓடும், கடித்தால் எவ்வளவு சேதம், எல்லாமே அதில் எண்களாக இருக்கும்.

அந்தப் புத்தகத்தோடுதான் இந்தச் சண்டை. பழங்கால மிருகம் என்றாலே 'இன்றைய மிருகம், ஆனால் சைஸ் பெரிசு' என்று நினைப்பது சுத்தச் சோம்பேறித்தனம். அதனால் ஆட்டமும் சப்பென்று போகிறது. நிஜமாகவே வாழ்ந்து மறைந்த உயிர்களுக்கும் அநியாயம் நடக்கிறது.

முதலில் கணக்கு

2003-ல் வந்த 3.5 பதிப்பின்படி டயர் ஓநாய் 9 அடி நீளம், 800 பவுண்டு எடை. அதாவது சுமார் 360 கிலோ. டயர் புலி 12 அடிக்கு மேல், 6,000 பவுண்டு வரை, சுமார் 2,700 கிலோ. டயர் கரடி 12 அடி, 8,000 பவுண்டு வரை. 3,600 கிலோ! வளர்ந்த ஆண் ஆசிய யானையே சுமார் 4,000 கிலோதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

ஒரு உருவத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். ஆனால் அந்த எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நாலு மடங்குதான் கூடும். 1638-லேயே கலிலியோ எழுதி வைத்த சங்கதி. மானின் கால் குச்சி மாதிரியும் யானையின் கால் தூண் மாதிரியும் இருப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கை வைத்துப் புத்தகத்தைச் சரிபார்க்கலாம். ஓநாய் தப்பித்துவிடுகிறது. 5 அடி, 60 கிலோ சாம்பல் ஓநாயை 9 அடிக்கு இழுத்தால் எடை கிட்டத்தட்ட ஆறு மடங்காகி 350 கிலோவைத் தொடும். டேலி ஆகிவிட்டது. கரடி? 8 அடி, 500 கிலோ துருவக் கரடியை 12 அடிக்கு இழுத்தால் வருவது சுமார் 1,700 கிலோ. புத்தகம் சொல்வதோ 3,600. மீதி 1,900 கிலோ எந்த சஸ்பென்ஸ் அக்கவுண்டில் இருக்கிறதோ தெரியவில்லை! டயர் சிங்கம் இன்னும் தமாஷ். 15 அடி வரை நீளம், 3,500 பவுண்டு வரை எடை. 12 அடிச் சொச்சப் புலியைவிட நீளமான சிங்கம், எடையில் மட்டும் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. என்ன கொடுமை சார் இது?

வௌவாலையும் விட்டுவைக்க வேண்டாம். டயர் வௌவாலின் சிறகு விரிப்பு 15 அடி, எடை 200 பவுண்டு. அர்ஜென்டினாவில் வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்ற ராட்சதப் பறவை, பறந்த பறவைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதற்கு 20 அடி சிறகு இருந்தும் எடை சுமார் 70 கிலோதான். அதைவிடச் சின்னச் சிறகை வைத்துக்கொண்டு 90 கிலோ வௌவால் பறக்கிறதாம்.

பயம் எங்கிருந்து வருகிறது?

கணக்கு தப்பினால் போகட்டும், ஆட்டமாவது சுவாரசியமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

எலியைக் கண்டு மனிதன் ஏன் அஞ்சினான்? அது சின்னது என்பதால். சுவரின் ஓட்டையில் நுழையும், தானியக் குதிரில் ஒளியும், ஒன்றைக் கொன்றால் பத்து வரும். பிளேக் வந்தது 23 கிலோ எலியால் அல்ல, அதன் உடம்பில் இருந்த கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தெள்ளுப்பூச்சியால். எலியை நாய் சைஸுக்கு ஆக்கிய நிமிடமே அது எலி இல்லை, ஒரு மட்டமான நாய். பயத்தைக் கூட்டுகிறேன் என்று பயத்தின் காரணத்தையே அழித்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது: துரு அரக்கன். ஆரம்ப நாட்களில் கைகாக்ஸ் கூட்டத்தார் ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கி மேசையில் வைத்து ஆடினார்கள். டைனோசார் என்று விற்கப்பட்டாலும் எந்த டைனோசாரையும் ஒத்திருக்காத விநோத உருவங்கள் அவை. அவற்றில் ஒன்றுதான் துரு அரக்கனாக மாறியது. நீளம் வெறும் 5 அடி. யாரையும் விழுங்காது. உணர்கொம்பால் தொட்டால் இரும்பு துருப்பிடித்து உதிரும், அதைத் தின்னும். அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த கவசமும் வாளும் ஒரே தொடுதலில் போய்விடுமே என்று பெரிய வீரர்களே ஓட்டம் பிடிப்பார்கள். உயிரைவிட சொத்து போவது அதிகம் வலிக்கும் என்ற மனித சுபாவத்தைப் பிடித்த மிருகம் அது. சைஸால் வந்த பயமா அது?

'டயர்' மிருகங்களிடம் இப்படி ஒரு யோசனைகூடக் கிடையாது. விளையாட்டில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு சவால் எண் உண்டு. 3.5 பதிப்பில் டயர் கரடிக்கு 7, யானைக்கும் 7. டயர் புலிக்கு 8, டைரனோசாரஸுக்கும் 8! பல கோடி ஆண்டு பரிணாமம் செதுக்கிய டைனோசாரும், ஊதிப் பெரிதாக்கிய புலியும் ஒரே படியில். இரண்டும் செய்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: வா, கடி, பிடி, பகடையை உருட்டு. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஓநாயைத் தவிர மற்ற பலவற்றிலிருந்து 'டயர்' போய் 'ராட்சத' வந்தது. ராட்சத எலி, ராட்சத ஆடு, ராட்சதக் கடல் குதிரை... மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான், சரக்கு அதே சரக்கு.

வக்கீல்கள் வாதம்

"இது கற்பனை உலகம். டிராகன் பறக்கலாம், கரடி பெருக்கக்கூடாதா?" என்பது வழக்கமான பதில். பறக்கட்டும். டிராகன் முழுக்க முழுக்கக் கற்பனை, அது யாருடைய பெயரையும் கடன் வாங்கவில்லை. டயர் ஓநாய் அப்படியல்ல. அது நிஜமாக மண்ணில் நடந்த விலங்கின் பெயர். பெயரைக் கடன் வாங்கினால் கொஞ்சமாவது நாணயம் வேண்டும்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. ஆட்டக்காரர்கள் படிப்படியாக வலிமை பெறுவார்கள். சாதாரண ஓநாய்க்கும் டிராகனுக்கும் நடுவில் ஏணிப்படிகள் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் படிகளைப் பூமியே செய்து வைத்திருக்கிறது. 1977-ல் கைகாக்ஸ் எழுதிய முதல் 'மான்ஸ்டர் மேனுவல்' இதை அறிந்திருந்தது. அதில் கொம்பில்லா மாபெரும் காண்டாமிருகமான பலூச்சிதீரியம் இருந்தது. டைட்டனோதீர் இருந்தது. 12 அடி அகலக் கொம்பு கொண்ட ஐரிஷ் மான் இருந்தது. ஒட்டுச்சொல் எதுவும் இல்லாமல் சொந்தப் பெயரோடு இருந்தன. ஒரு பையன் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நூலகத்துக்குப் போனால் நிஜ எலும்புக்கூட்டின் படத்தில் போய் முடிந்திருப்பான். 'டயர் கரடி' என்று தேடுகிறவன் எங்கே போய்ச் சேருவான்?

2009-ல் வந்த பாத்ஃபைண்டர் விளையாட்டு பாதி வழி திரும்பியது. டயர் புலிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் ஸ்மைலோடான், டயர் சுறாவுக்குப் பக்கத்தில் மெகலோடான் என்று போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்மைலோடான் புலியே அல்ல! பூனைக் குடும்பத்தில் தனியாகப் பிரிந்துபோன கிளை. மிகப் பெரிய இனமே 400 கிலோ அளவுதான். குட்டை வால், கரடி மாதிரி கட்டுமஸ்தான முன்னங்கால்கள். பக்கவாட்டில் அழுத்தம் பட்டால் அதன் நீண்ட கோரைப்பல் உடையும் அபாயம் உண்டு. அதனால் இரையை முதலில் முன்னங்கால்களால் அசையாமல் அமுக்க வேண்டும், அப்புறம்தான் கழுத்தில் குத்து. இதை அப்படியே விதியாக்கினால் எவ்வளவு அருமையான ஆட்டம்! பிடியில் சிக்கியவன் திமிறினால் மிருகத்துக்கே ஆபத்து, திமிறாவிட்டால் அடுத்த சுற்றில் அவன் காலி. இதற்கு 2,700 கிலோ எதற்கு?

நிஜ டயர் ஓநாய்

இந்த வழக்கின் முக்கியச் சாட்சியே அதுதான். 1858-ல் ஜோசப் லைடி என்ற அமெரிக்க அறிஞர் அதற்கு 'டைரஸ்' என்று லத்தீனில் பெயர் வைத்தார். எடை சுமார் 60, 70 கிலோ. இன்றைய பெரிய வடக்கு ஓநாய்களுக்குச் சமம், கொஞ்சம் கனமான எலும்பு, பெரிய பற்கள். அவ்வளவுதான். 9 அடியும் கிடையாது, சவாரியும் போக முடியாது.

ஆனால் அதன் கதை? லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுவே லா பிரேயா தார்க் குழிகள் உள்ளன. பனியுகத்தில் ஒரு காட்டெருமை அந்தப் பிசினில் மாட்டிக்கொள்ளும். அதைத் தின்ன ஓநாய்க் கூட்டம் வரும், அதுவும் மாட்டிக்கொள்ளும். பல்லாயிரம் ஆண்டுகள் இது நடந்திருக்கிறது. இதுவரை 4,000-க்கும் மேற்பட்ட டயர் ஓநாய்களின் எலும்புகள் அங்கே கிடைத்துள்ளன. அங்குள்ள அருங்காட்சியகத்தில் 400-க்கும் அதிகமான மண்டையோடுகளை வைத்து ஒரு சுவரே எழுப்பினார்கள். குதிரையும் காட்டெருமையும் ஸ்லாத்தும் திரிந்த அந்த உலகம் குலைந்து, சுமார் 13,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஓநாயும் மறைந்தது. 2021-ல் வெளியான மரபணு ஆய்வு இன்னொரு குண்டைப் போட்டது: இது சாம்பல் ஓநாயின் அண்ணன் தம்பியே இல்லை. 50 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்ட, தன்னந்தனிக் கிளையின் கடைசி வாரிசு. 'பெரிய ஓநாய்' என்று நினைத்தது ஓநாயின் பெரிசாக்கிய வடிவமே அல்ல!

இது வெறும் விளையாட்டு விஷயம் என்று நினைப்பவர்கள் 2025 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். டயர் ஓநாயை மீண்டும் உயிர்ப்பித்துவிட்டோம் என்று கொலாசல் பயோசயின்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மூன்று வெள்ளைக் குட்டிகளைக் காட்டியது. ஒன்றின் பெயர் கலீசி, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரிலிருந்து எடுத்தது. உண்மையில் நடந்தது சாம்பல் ஓநாயின் மரபணுத் தொகுதியில் 20 திருத்தங்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நாய்க் குடும்ப வல்லுநர் குழு, இவை டயர் ஓநாய்கள் அல்ல என்று சொல்லிவிட்டது. ஆனாலும் படம் உலகம் முழுக்கப் பரவியது. ஏன்? பெரிசாக, வெள்ளையாக, கம்பீரமாக இருந்தால் அதுதான் டயர் ஓநாய் என்ற படம் ஏற்கெனவே எல்லோர் மனதிலும் இருந்தது. அதை விளையாட்டு மட்டும் வரையவில்லை, நாவலும் டிவியும் சேர்ந்தே வரைந்தன. ஆனால் 1977-லிருந்து வரைந்த கைகளில் அதுவும் ஒன்று. நிஜ விலங்கின் பெயருக்கு மேல் பொய் விலங்கின் படத்தை ஒட்டி வைத்தால், ஒருநாள் அந்தப் படத்தைக் காட்டி "இதோ திரும்ப வந்துவிட்டது" என்று சொல்வது சுலபம். திரும்பி வந்தது என்று நம்பிவிட்டால், போனதைப் பற்றி யாரும் வருத்தப்படமாட்டார்கள். இன்று மிச்சமிருக்கும் ஓநாய்களைப் பற்றியும்தான்.

ஆக, கதை நடத்துகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த ஆட்டத்தில் 9 அடி ஓநாயை விட்டுவிடுங்கள். ஒரு தார்க் குழியை வையுங்கள். மேலே மழைநீர் தேங்கி சாதாரணக் குட்டை மாதிரி தெரியட்டும். நடுவில் ஒரு காட்டெருமை கத்தட்டும். கரையில் 60 கிலோ ஓநாய்கள் முப்பது, நாற்பது வந்து நிற்கட்டும். ஆட்டக்காரர்களின் காலடியில் தரை கொஞ்சம் ஒட்டட்டும்.

பகடையை உருட்டும் கை நடுங்கவில்லை என்றால், அப்புறம் கரடியைப் பெரிசாக்கலாம்.